பாலக்கோட்டு உரக்கடையில் வாங்கிய ஒரு ரசீது

2025 செப்டம்பர் இரண்டாவது வாரத்தில், தக்காளி நடவுக்கு நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் செடி வரிசையில் விரிக்கும் 16 எம்.எம். லேட்டரல் குழாய் ஆயிரம் மீட்டர் வாங்குவதற்காகத் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் உள்ள ஓர் உரக்கடைக்குச் சென்றேன். கடைக்காரர் விலையைச் சொன்னார். சொன்ன கையோடு, "அவசரம் இல்லன்னா இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் பொறுத்து வாங்கண்ணா, இருபத்திரண்டாம் தேதியில இருந்து இதுக்கு வரி குறையுது" என்றார். பணத்தோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை என் இருபது ஆண்டு விவசாயத்தில் நான் கண்டதில்லை. அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனாலும் வரி குறைந்த பிறகு அவர் என்ன ரசீது போடுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுவதே முறை என்பதால் காத்திருந்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குச் சரக்குக் கொண்டு வருகிற பலருக்கும் நான் எந்தக் கடையைச் சொல்கிறேன் என்பது புரிந்துவிடும்.

லேட்டரல் குழாயை ஏன் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதுதான் மானியத்தில் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. மத்திய அரசின் திட்டப் பங்கோடு மாநில அரசும் பணம் சேர்த்துக் கொடுப்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஆனால், ஒரு நிலத்துக்கு மானியம் வாங்கிவிட்டால் அடுத்த முறை வாங்க ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குழாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கோடையில் தண்ணீர் தேடி வருகிற அணிலும் எலியும் கடித்துவிடுகின்றன, களை வெட்டும்போது கொத்து பட்டுக் கிழிந்துவிடுகிறது, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் டிரிப்பரின் துளையை அடைத்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது பாதிக் குழாயை மாற்றாமல் தக்காளி வைக்க முடியாது. அந்தச் செலவு முழுவதும் எங்கள் கைக்காசுதான்.

கடைக்காரர் சொன்ன தேதியின் பின்னணி இதுதான். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி புதுடெல்லியில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 56ஆவது கூட்டம் நடந்தது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில், எல்லா மாநிலங்களின் அமைச்சர்களும் உட்காரும் மன்றம் அது. அந்தக் கூட்டத்தில் 12 சதவீதம், 28 சதவீதம் என்ற இரண்டு அடுக்குகளை நீக்கி, பெரும்பாலான பொருள்களை 5 அல்லது 18 சதவீதத்துக்குள் கொண்டுவரவும், புகையிலை, ஆடம்பரக் கார் போன்ற சிலவற்றுக்கு 40 சதவீதம் விதிக்கவும் முடிவு செய்தார்கள். புகையிலைப் பொருள்களைத் தவிர மற்றவற்றுக்குச் செப்டம்பர் 22 முதல் நடைமுறை. விவசாயத்தைப் பொறுத்தவரை டிராக்டரும், சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனக் கருவிகளும், பெயர் குறிப்பிட்ட சில உயிரியல் பூச்சிக்கொல்லிகளும், நுண்ணூட்டச் சத்துகளும் 12இலிருந்து 5க்கு வந்தன. டிராக்டர் டயரும் உதிரிப் பாகங்களும் 18இலிருந்து 5க்கு இறங்கின. இதனால் வருவாய் குறையும், அதை ஈடுகட்ட ஏற்பாடு வேண்டும் என்று தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் கூட்டத்துக்கு முன்பே கேட்டிருந்தன. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. குழாய் மானியத்தில் பாதிக்கு மேல் தூக்கிச் சுமக்கும் மாநிலத்தின் கருவூலம் இளைத்தால், அதுவும் கடைசியில் எங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்றையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விகிதங்களை நாடாளுமன்றம் ஒவ்வொன்றாக விவாதித்து வாக்கெடுப்பு நடத்தி மாற்றுவதில்லை. 2016இல் நிறைவேறிய 101ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்த மன்றத்தை உருவாக்கியது. 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, மன்றத்தின் பரிந்துரைப்படி அரசே அறிவிக்கை மூலம் விகிதத்தை நிர்ணயிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. செப்டம்பர் 17ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையும், அதையொட்டி மாநிலம் வெளியிட்ட அறிவிக்கையும்தான் என் குழாயின் வரியைக் குறைத்தன. அறிவிக்கை பிற்பாடு நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும் என்றாலும், பாலக்கோட்டு விவசாயி அதைப் பார்க்கப் போவதில்லை. அவர் பார்க்கக்கூடியது கடை ரசீது ஒன்றுதான். டெல்லியில் எடுத்த முடிவு நம் கைக்கு வந்து சேர்ந்ததா, வழியில் யாராவது எடுத்துக்கொண்டார்களா என்பதைக் காட்டுவதும் அதுதான். ஆகவே, இந்தக் கடையை நான் ரசீதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் மீண்டும் போனேன். ஆயிரம் மீட்டர் லேட்டரல், இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய் நான்கு, வேரழுகல் போன்ற நோய்களைத் தடுக்கும் உயிரியல் மருந்தான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கிலோப் பொட்டலம் இரண்டு. ரசீதை இப்போதும் எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். லேட்டரல், அடிப்படை விலை ரூ.10,000, வரி 5 சதவீதம். பி.வி.சி. குழாய், அடிப்படை விலை ரூ.2,400, வரி 18 சதவீதம். டிரைக்கோடெர்மா, அடிப்படை விலை ரூ.300, வரி 5 சதவீதம். கீழே மத்திய வரி ரூ.473.50, மாநில வரி ரூ.473.50, ஆக மொத்தம் ரூ.13,647. ஒவ்வொரு வரியிலும், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண் இருக்கிறது. லேட்டரலுக்கு நேரே 8424 என்று அச்சாகியிருக்கிறது. செப்டம்பரில் அவர் சொன்ன அதே பத்தாயிரம்தான் அடிப்படை விலை, அதில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பழைய வரியில் இதே சரக்குக்கு ரூ.14,368 ஆகியிருக்கும். மிச்சம் ரூ.721. எங்கள் ஊரில் நடவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு நாள் மொத்தக் கூலியில் பாதியாவது கொடுக்கலாம்.

அந்த 8424 என்ற எண் முக்கியமானது. கறுப்பு லேட்டரலும் பிளாஸ்டிக்தான், சாம்பல் நிறப் பி.வி.சி. குழாயும் பிளாஸ்டிக்தான், அப்படியிருக்க ஒன்றுக்கு 5, மற்றொன்றுக்கு 18 ஏன் என்று நானும் கேட்டேன். சொட்டுநீர்ப் பாசனத்துக்கென்றே செய்த பாகமாக இருந்தால், தனியாக வாங்கினாலும் அது பாசனக் கருவியின் வகையிலேயே சேரும் என்று 2021 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பொதுவாகப் பயன்படுகிற குழாய், வால்வு, மோட்டார் ஆகியவற்றுக்கு அவற்றின் சொந்த விகிதம்தான். கடைக்காரர் இதைக் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தபடியே, தாளில் இரண்டு கோடு போட்டு, எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கும் சேர்த்தே விளக்கினார். "ஐயா, இது சொட்டுநீருக்கு மட்டும்தான் ஆகும், அதனால அஞ்சு. இந்தக் குழாய உங்க வீட்டுக் குளியலறைக்கும் போடலாம், அதனால பதினெட்டு." இதைவிடத் தெளிவாக அந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

டிரைக்கோடெர்மா பொட்டலத்தையும் சொல்லியாக வேண்டும். அச்சிட்ட அதிகபட்ச விலை ரூ.168. அதன் பக்கத்தில் ரூ.157.50 என்று புதிய சீட்டு ஒட்டியிருந்தது. பழைய விலையை மறைக்கவில்லை. பழைய சரக்கில் புதிய விலையை ஒட்டும்போது முன்பு அச்சிட்டது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது நுகர்வோர் துறை சொன்ன விதி. பலர் 12இலிருந்து 5க்கு இறங்கினால் விலையில் 7 சதவீதம் குறையும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 112 ரூபாய்க்கு விற்றது 105 ரூபாய் ஆகும் என்பதே சரியான கணக்கு. அதாவது மொத்த விலையில் 6.25 சதவீதம் குறையும். 168இல் அது சரியாகப் பத்தரை ரூபாய். சீட்டில் இருந்த விலையும் அதுவே.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. அந்தக் கடையின் பெயரையோ ஊரையோ சொல்லப் போவதில்லை. அக்டோபர் கடைசியில் என் தம்பி தன் தோட்டத்துக்கு அதே அளவு லேட்டரலை அங்கே வாங்கினான். செப்டம்பர் தொடக்கத்தில் அவனுக்கு வரியோடு சேர்த்து ரூ.11,200 என்று சொன்னவர்கள், வரி குறைந்த பிறகும் ரூ.11,200தான் வாங்கினார்கள். ரசீதில் வரி 5 சதவீதம் என்று ஒழுங்காகவே இருந்தது. அடிப்படை விலை மட்டும் பத்தாயிரத்திலிருந்து ரூ.10,667 ஆகியிருந்தது. அதற்கு வரி ரூ.533.35; முப்பத்தைந்து காசைத் தள்ளினால் பழைய 11,200 அப்படியே வந்து நிற்கிறது. கம்பெனி விலை ஏற்றிவிட்டது என்றார்கள். அப்படியே இருக்கலாம், ஆனால், குறைந்த வரிக்கு ஈடாகக் காசு பிசகாமல் ஏறிய விலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தம்பி ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வரி குறைஞ்சிருக்குண்ணா, பாரு அஞ்சுன்னு போட்டிருக்கான்" என்று சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

விவசாயிக்கு இது ஏன் அதிகம் வலிக்கிறது என்பதையும் சொல்கிறேன். ஒரு வியாபாரி கொள்முதலில் கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். தக்காளிக்கு வரி கிடையாது. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. கேட்பதற்குச் சலுகைபோல் இருக்கும் இந்த ஏற்பாட்டில், குழாய்க்கும் மருந்துக்கும் டயருக்கும் நாம் கட்டிய வரி எங்கேயும் திரும்பி வராது. மண்டியில் நாம் விலை சொல்லி விற்பதுமில்லை. பதினைந்து கிலோப் பெட்டிக்கு ஏலத்தில் என்ன விழுகிறதோ அதுதான் நமக்கு. ஆக, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்று வரியை முழுதாகச் சுமக்கிறவர் விவசாயிதான். விகிதம் குறைவதைத் தவிர அவருக்கு வேறு நிவாரணம் இல்லை என்பதால், குறைந்த விகிதம் குறைந்த விலையாக வராவிட்டால் முழு முடிவும் அவருக்குப் பயனற்றுப் போகிறது.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. வரி குறைந்தால் அதற்கு ஏற்ற அளவில் விலையையும் குறைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 171ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கண்காணிக்க ஓர் ஆணையம் இருந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பொறுப்பு, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது, பிறகு வரித் தீர்ப்பாயத்துக்கு மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை அந்த வழியில் ஏற்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அதாவது, எட்டு ஆண்டுகளில் இல்லாத அளவு பெரிய வரிக் குறைப்பு வந்த ஆண்டிலேயே அதைக் காவல் காக்கும் கதவு சாத்தப்பட்டிருந்தது. இதைப் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன். நம் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கேள்வி இது. இப்போது நமக்கு எஞ்சியிருப்பது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். ரசீது கையில் இருந்தால் அதில் புகார் சொல்லலாம், தமிழிலும் பேசலாம்.

நியாயமாக, கடைக்காரர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கடைக்காரரிடம் செப்டம்பர் 22 அன்று 12 சதவீத வரி கட்டி வாங்கிய பழைய லேட்டரல் கட்டுகள் இருந்தன. அன்று முதல் அவற்றையும் 5 சதவீதத்தில்தான் விற்க வேண்டும். சரக்கு எப்போது வாங்கியது என்பது கணக்கில்லை, எப்போது விற்கிறோம் என்பதே கணக்கு. அதிகமாகக் கட்டிய 7 சதவீதம் அவர் கணக்கில் வரவாக நிற்கும். அதைப் பணமாகத் திருப்பிக் கேட்க முடியாது. வேறு சரக்கின் வரியில்தான் மெல்லக் கழிக்க வேண்டும். ரசாயனப் பூச்சிமருந்தும் பி.வி.சி. குழாயும் 18 சதவீதத்திலேயே இருப்பதால் தனக்குச் சில மாதங்களில் கழிந்துவிடும் என்றார். சொட்டுநீர்ப் பாகங்களை மட்டும் விற்கிற சிறு கடைக்கு அது கடினம்தான். விற்பனைத் தொகையில் சிறு சதவீதத்தை மட்டும் தாங்களே வரியாகக் கட்டும் தொகுப்பு வரி முறையில் இருக்கும் சிறு கடைகள் ரசீதில் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. ஆகவே அப்படிப்பட்ட கடையின் ரசீதில் 5 என்றோ 18 என்றோ இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

உரத்தில் இந்தக் கடை எப்படி என்று பலர் கேட்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒழுங்கு. இருப்பும் விலையும் எழுதிய பலகை வாசலிலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது கட்டாயம் என்றாலும் எத்தனை கடைகளில் தேதி மாற்றி எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50, ஆதார் எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்ததும் இயந்திரத்திலிருந்து ரசீது வருகிறது. யூரியா வேண்டுமானால் கூடவே இந்தத் திரவ உரத்தையும் வாங்க வேண்டும் என்று இங்கே என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. யூரியாவின் வரி முன்பும் 5, இப்போதும் 5. அதன் விலை அரசு நிர்ணயிப்பது என்பதால் செப்டம்பர் மாற்றத்தால் மூட்டை விலை மாறவில்லை. அம்மோனியா, கந்தக அமிலம் போன்ற மூலப்பொருள்களின் வரி 18இலிருந்து 5க்கு இறங்கியது உர ஆலைகளுக்குத்தான் நேரடி நன்மை.

விதை விற்பனையில்தான் இந்தக் கடை என் மதிப்பில் ஒரு படி மேலே நிற்கிறது. தக்காளி விதைப் பாக்கெட்டின் லாட் எண்ணையும் காலாவதித் தேதியையும் ரசீதில் அடித்துக் கொடுக்கிறார்கள். முளைக்காத விதைக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால் அந்த எண் இல்லாமல் எதுவும் நடக்காது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் வரைவு மசோதாவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பாக்கெட்டில் கியூ.ஆர். குறியீடு இருக்க வேண்டும் என்கிறது அந்த வரைவு. கடைக்காரர் அதன் செய்தித்தாள் நறுக்கைக் கண்ணாடிப் பலகைக்கு அடியில் வைத்திருந்தார். கருத்து அனுப்பினீர்களா என்று கேட்டேன். ஒரு பக்கம் எழுதி அனுப்பியதாகவும், நாற்றங்கால் நடத்துகிறவர்களையும் பொறுப்பாக்க வேண்டும் என்று கேட்டிருப்பதாகவும் சொன்னார். எங்களில் பெரும்பாலோர் இப்போது விதையாக வாங்குவதில்லை, குழித்தட்டு நாற்றாகத்தான் வாங்குகிறோம் என்பதால் அது சரியான கோரிக்கை. அப்படிக் கருத்து அனுப்பலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாள் கடந்துவிட்டது.

குறைகளும் உண்டு. ரசீதை வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாளில் தருகிறார்கள். அக்டோபர் ரசீதின் எழுத்து தைக்குள்ளேயே வெளுக்கத் தொடங்கிவிட்டது. குழாய்க்கு உத்தரவாதம் கேட்கவும், 1915இல் புகார் சொல்லவும், வங்கியில் காட்டவும் பயன்பட வேண்டிய தாள் ஆறு மாதம்கூடத் தாங்காவிட்டால் இவ்வளவு ஒழுங்காக அச்சிட்டும் என்ன பயன்? கடன் கொடுப்பதில்லை. அறுவடை வரை பொறுக்கும் கடைகளைத்தான் சிறு விவசாயிகள் நம்பியிருக்கிறார்கள் என்பதால், இந்த நேர்மையான விலை கையில் காசு உள்ளவருக்கு மட்டும் கிடைக்கிறது. கடனில் வாங்கும் இடத்தில் ரசீதை யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை. இதை அவரிடமே சொன்னேன். தனக்குக் கம்பெனிகள் தரும் தவணை இருபது நாள்தான், தான் எப்படி மூன்று மாதம் பொறுக்க முடியும் என்றார். அந்தப் பதிலை நான் மறுக்கவில்லை. மற்றபடி, வெட்டிய குழாயைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். கிராமெட், ஜாயிண்டர் போன்ற சில்லறைப் பாகங்கள் சில நாள் இருப்பில் இருப்பதில்லை. மண்டி கூடும் காலை நேரத்தில் போனால் நிற்க இடமிருக்காது. பதினொரு மணிக்கு மேல் போவது நல்லது.

தை பிறந்த பிறகு வால்வு ஒன்று வாங்கப் போயிருந்தேன். தாளைப் பற்றி நான் சொன்னது அவர் நினைவில் இருந்திருக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்குப் பெரிய வெள்ளைத் தாளில் அச்சிட்டு, கடை முத்திரை வைத்துத் தருகிறார்கள். என் பழைய ரசீதின் எண்ணைச் சொன்னதும் கணினியில் தேடி, அதையும் அந்தத் தாளில் எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை தம்பியையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அவனுடைய ரசீதையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.